மூன்று சொல், ஆறு சொட்டு: 'ஆர்மி ஆஃப் டார்க்னஸ்' பற்றிப் பேசலாம் வாங்க

கடைசி வரிசை (இழையைத் தொடங்கியவர்):

நேற்று ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு 'ஆர்மி ஆஃப் டார்க்னஸ்' மறுபடி போட்டுப் பார்த்தேன். முடிக்கும்போது மணி ஒன்றரை. தூக்கம் போச்சு, அதனால் இந்த இழை.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆஷ் என்று ஒருவன். எஸ்-மார்ட் என்ற பெரிய கடையில் வீட்டுச் சாமான் பிரிவில் வேலை. காட்டு வீட்டில் பேய்களோடு மல்லுக்கட்டி, வலது கையை இழந்து, அந்த மணிக்கட்டில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தை மாட்டிக்கொண்டு நிற்கிறான். அப்போது வானத்தில் ஒரு சுழல் திறந்து அவனையும் அவன் காரையும் 1300ஆம் ஆண்டில் கொண்டுபோய்ப் போடுகிறது. ஊர் திரும்ப 'நெக்ரோனாமிகான்' என்ற புத்தகம் வேண்டும். அதைத் தொடுவதற்கு முன் மூன்று சொல் சொல்ல வேண்டும். இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதை மென்று முழுங்குகிறான். செத்தவர்கள் எல்லாரும் எழுந்து படையாகத் திரண்டு கோட்டைக்கு வருகிறார்கள். சாம் ரைமி இயக்கம், புரூஸ் கேம்பெல் நடிப்பு. 1992ல் ஸ்பெயினின் சிட்ஜஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 1993 பிப்ரவரியில் வந்தது.

'ஈவில் டெட்' வரிசையில் மூன்றாவது படம் இது. முதல் இரண்டும்தான் உசத்தி, இது சும்மா சிரிப்புப் படம் என்று பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன். ஆஷைக் குழியில் தள்ளிச் சாகவிடப் பார்க்கிறார்கள். பேயை அடித்துப் போட்டுவிட்டு மேலே ஏறி வருகிறான். ஊரே கூடி நிற்கிறது. ஆர்தர் பிரபு வாளை உருவுகிறார். ஆஷ் துப்பாக்கியால் சுட்டு அந்த வாளை இரண்டாக உடைக்கிறான். சரி, வேறு எந்தப் படத்திலும் இந்த இடத்தில் நாயகன் ஒரு மிரட்டல் வசனம் பேசுவான். இவன் என்ன பேசுகிறான்? 12 கேஜ், இரட்டைக் குழல், ரெமிங்டன், விளையாட்டுச் சாமான் பிரிவில் கிடைக்கும், விலை சுமார் 109.95 டாலர், கட்டை வால்நட் மரம். கடையின் விளம்பர வரியையும் சேர்த்துச் சொல்லி முடிக்கிறான்.

எழுநூறு வருஷம் பின்னால் போய் விழுந்த ஒருவனிடம் என்ன இருக்கும் என்று யாராவது கேட்டால், அதற்கு இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியாது. நாள்பூரா கல்லாவிலும் அலமாரியிலும் நின்றவனுக்கு வாயில் வருவது அதுதான். அவனுடைய வீரமும் அவனுடைய அறியாமையும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. படம் முழுக்க இப்படித்தான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். முக்கியமாக, இந்தப் படத்துக்கு எடுத்த இரண்டு முடிவுகளில் எது சரி?

மின்வெட்டு:

நண்பரே, எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் இரண்டாவது படத்துக்குப் பக்கத்தில் இதை வைக்க முடியாது.

1987ல் வந்த 'ஈவில் டெட் 2'வில் அந்தச் சிரிப்புக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆஷ் தனியாக அறையில் இருக்கிறான். சுவரில் மாட்டியிருக்கும் மான் தலை திரும்பிச் சிரிக்கிறது. மேசை விளக்கு மடங்கி மடங்கிச் சிரிக்கிறது. புத்தகங்கள், அலமாரி எல்லாம் ஆடிச் சிரிக்கின்றன. அவனும் சேர்ந்து சிரிக்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அலறலாக மாறுகிறது. எந்த நொடியில் மாறியது என்று நமக்கே தெரியாது. பேயும் நகைச்சுவையும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது படத்தில் அந்தத் தனிமை போய்விட்டது. கோட்டை, குதிரை, நூறு வீரர்கள். சுற்றிலும் இவ்வளவு பேர் இருக்கும்போது பயம் எங்கிருந்து வரும்? கல்லறையில் மண்ணுக்குள்ளிருந்து எலும்புக் கைகள் வந்து ஆஷின் மூக்கைப் பிடிக்கின்றன, கண்ணைக் குத்துகின்றன, கன்னத்தில் அறைகின்றன. 'த்ரீ ஸ்டூஜஸ்' குறும்படங்களின் அடிதடி அப்படியே. நன்றாகச் சிரித்தேன், ஒரு இடத்தில்கூடப் போர்வையை இழுத்துக்கொள்ளவில்லை.

கடைசி வரிசை:

மின்வெட்டு சகோ, அந்தச் சிரிப்புக் காட்சியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் காற்றாலையை விட்டுவிட்டீர்களே. அங்கே ஆஷ் தனியாகத்தான் இருக்கிறான். கண்ணாடி உடைகிறது. ஒவ்வொரு சில்லிலிருந்தும் விரல் உயர ஆஷ் ஒருவன் இறங்கி வருகிறான். முள்கரண்டியால் குத்துகிறார்கள், ஆளைக் கீழே தள்ளுகிறார்கள். அதில் ஒருவன் வாய்க்குள்ளேயே குதித்துவிடுகிறான். ஆஷ் அவனைக் கொல்ல அடுப்பில் கொதிக்கிற தண்ணீரை எடுத்துத் தொண்டையில் ஊற்றிக்கொள்கிறான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் தோளில் அரிக்கிறது, சட்டையை விலக்கிப் பார்த்தால் அங்கே ஒரு கண் திறந்து பார்க்கிறது.

எனக்கு அந்தக் கண் இன்றைக்கும் ஆகாது. தோளிலிருந்து இன்னொரு தலை முளைத்து, ஆள் இரண்டாகப் பிரிந்து, கெட்ட ஆஷ் பிறக்கிறான். பின்னால் செத்தவர் படைக்குத் தலைமை தாங்கி வருவது இவன்தான். கோட்டைக்கு வெளியே வந்து நிற்கிற பகைவன் யாரோ ஒரு சூனியக்காரன் இல்லை, ஆஷே வெட்டிப் புதைத்த அவனுடைய பாதி. இரண்டாவது படத்தில் பேய் வீட்டுக்குள் இருந்தது, இதில் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. பயம் குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

பச்சைத்திரை:

நான் கிராஃபிக்ஸ் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு காட்சியின் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டுவதுதான் தினசரி வேலை. அதனால் இந்தப் படத்தின் எலும்புக்கூடுகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1963ல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்தில் ரே ஹாரிஹவுசன் ஏழு எலும்புக்கூடுகளை மூன்று மனிதர்களோடு வாள் சண்டை போட வைத்தார். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். திரையில் ஒரு நொடிக்கு இப்படி 24 படம் வேண்டும். அந்த ஒரு சண்டைக்கு அவருக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. ரைமி அந்தச் சண்டைக்குச் செலுத்திய மரியாதைதான் இந்தப் படை.

ஆனால் இங்கே ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. சில எலும்புக்கூடுகள் ஹாரிஹவுசன் வழியில் ஒவ்வொரு படமாக நகர்த்தியவை. சில, கீழே இருந்து கம்பியால் ஆட்டிய பொம்மைகள். முன்னால் வந்து சண்டை போடுகிறவற்றில் சில, உடை மாட்டிய மனிதர்கள். ஒப்பனை, பொம்மை வேலை கே.என்.பி. குழுவுடையது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டும்போது கண் ஏமாந்துவிடுகிறது. தொலைவில் பார்த்தது பொம்மை, பக்கத்தில் பார்த்தது ஆள், இரண்டும் ஒன்று என்று மனசு முடிவு செய்துகொள்கிறது.

அடுத்தது இன்ட்ரோவிஷன். வில்லியம் மெசா இந்தப் படத்தின் காட்சி விளைவுகளை இந்த முறையில்தான் செய்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராவுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி. பக்கத்தில் ஒரு புரொஜெக்டர், ஏற்கெனவே எடுத்த படத்தை அந்தக் கண்ணாடியில் அடிக்கிறது. அது திரும்பி நடிகருக்குப் பின்னால் இருக்கும் திரையில் விழுகிறது. அந்தத் திரை சாதாரணத் துணி இல்லை. நெடுஞ்சாலைப் பலகை ராத்திரியில் வண்டி விளக்கு பட்டதும் பளிச்சென்று தெரிகிறது பாருங்கள், அதே மாதிரிப் பொருள். வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். நடிகர் மேலும் அந்தப் படம் விழத்தான் செய்யும், ஆனால் உடம்பு அப்படித் திருப்பி அனுப்பாததால் தெரியாது. இதில் இன்ட்ரோவிஷன் கூட்டிய வித்தை என்னவென்றால், நடிகரைப் படத்துக்கு முன்னால் மட்டும் இல்லாமல் படத்தில் இருக்கும் ஒரு பொருளுக்குப் பின்னாலும் நிறுத்த முடியும். எல்லாம் படப்பிடிப்புத் தளத்திலேயே, கேமராவுக்குள்ளேயே முடிந்துவிடும்.

குட்டி ஆஷ்கள் வரும் காட்சியை இதை மனசில் வைத்துப் பாருங்கள். பெரிய கேம்பெலும் சின்ன கேம்பெலும் ஒரே சட்டத்துக்குள் அடித்துக்கொள்கிறார்கள். அவர் தன்னோடு தானே சண்டை போட வேண்டும், எதிராளி எங்கே இருப்பான் என்று கணக்கு வைத்து அடி வாங்க வேண்டும். உடம்பையே கருவியாக வைத்திருந்த நடிகர் அவர். நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அந்தக் காற்றாலைக் காட்சி ஒரு காரணம்.

விசிடி காலம்:

பச்சைத்திரை, இவ்வளவு நாள் அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நன்றி.

என் கதை வேறு. பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்கள் தெருக்கோடியில் ஒரு விசிடி வாடகைக் கடை. ஒரு படம் என்றால் இரண்டு தட்டு வரும். அட்டையைப் பார்த்து ஆசையாக எடுத்து வந்தேன். முதல் தட்டு ஓடியது. ஆஷ் கல்லறைக்குப் போகிறான், அங்கே ஒன்றுக்கு மூன்று புத்தகம். ஒன்றைத் திறந்தால் ஆளையே உள்ளே இழுக்கிறது, இன்னொன்று கையைக் கடிக்கிறது. மூன்றாவதுதான் உண்மையான புத்தகம். முன்னால் நின்று முதல் சொல்லைச் சொல்கிறான், இரண்டாவதைச் சொல்கிறான், மூன்றாவதுக்கு யோசிக்கிறான். தட்டு முடிந்தது.

இரண்டாவது தட்டைப் போட்டால் வேறு ஏதோ குடும்பப் படம். உறையில் மாற்றி வைத்துவிட்டார்கள். ஓடிப்போய்க் கேட்டேன், சரியான தட்டு யாரிடமோ போயிருக்கிறது, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். வரவே இல்லை. மூன்றாவது சொல்லை அவன் சொன்னானா இல்லையா என்று தெரியாமலேயே நாலு வருஷம் இருந்தேன். கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் கணினியில் கிடைத்தபோது, அந்த இடத்திலிருந்து மட்டும் போடச் சொன்னேன். சொல்லை இருமலுக்குள் ஒளித்துவிட்டு, சொல்லிவிட்டேன், சரியாகத்தான் சொல்லிவிட்டேன் என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு புத்தகத்தைத் தூக்குகிறானே, அப்போது நான் அறையே அதிரும்படி கத்தினேன். அந்த இடத்தில் ஒரு நாயகன் இவ்வளவு கேவலமாகச் சறுக்குவான் என்று நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

கோட்டை கொத்தளம்:

வரலாறு படித்தவன் என்பதால் இந்தப் பக்கமாகக் கொஞ்சம் வருகிறேன்.

படம் சொல்லும் 1300ல் இங்கிலாந்தின் அரசர் முதலாம் எட்வர்ட். ஆர்தர் என்ற பெயரோ அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய கதைகளுக்குரியது. வீரர்கள் பளபளவென்று தகட்டுக் கவசம் போட்டிருக்கிறார்கள். 1300ல் ஒரு குதிரை வீரன் அணிந்தது பெரும்பாலும் இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை. உடம்பு முழுக்க மூடும் தகட்டுக் கவசம் பதினைந்தாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். மொழியை எடுத்துக்கொண்டால் ஆஷ் வாயைத் திறந்ததுமே படம் நின்றுபோயிருக்க வேண்டும். பிரபுக்கள் வீட்டில் பிரெஞ்சு புழங்கிய காலம் அது. ஊர் ஜனங்கள் பேசிய ஆங்கிலம் இன்றைய ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பாதிகூடப் பிடிபடாது.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. ரைமி காட்டுவது பழைய ஹாலிவுட் வாள்சண்டைப் படங்களில் இருக்கும் இடைக்காலம். கலிபோர்னியாவில், மொஹாவி பாலைவனத்து ஓரம் ஆக்டன் ஊருக்குப் பக்கத்தில் கோட்டையைக் கட்டி எடுத்தார்கள். இங்கிலாந்தின் பச்சை எங்குமே கிடையாது, மண் காய்ந்துபோய்ப் புழுதி பறக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் ஆஷுக்கு அது எந்த ஊராகவும் தெரியக் கூடாது.

ஆனால் ஒரு விஷயத்தில் படம் வரலாற்றோடு பொருந்திப் போகிறது. வெடிமருந்து. ஐரோப்பாவில் ரோஜர் பேக்கன் என்ற ஆங்கிலத் துறவி 1267 வாக்கில் எழுதியவற்றில் அதைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. பீரங்கியின் படம் ஒரு கையெழுத்துப் பிரதியில் முதலில் தென்படுவது 1326ல். ஆக, 1300ல் ஒரு சிற்றரசன் கோட்டையில் வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்து வெடிக்க வைக்கத் தெரிந்தவன் ஒருவன் வந்து நின்றால் அந்தப் போரின் போக்கு மாறத்தான் செய்யும். படத்திலும் அதுதான் மாற்றுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஆஷுக்கு அந்தக் கலவை தெரியாது. கார் டிக்கியைத் திறந்து வேதியியல் பாடப் புத்தகத்தை எடுக்கிறான். மார்க் ட்வைன் 1889ல் எழுதிய 'கனெக்டிகட் யாங்கி' நாவலில் ஆர்தர் அரசவைக்குப் போய் விழும் ஹேங்க் மார்கன் ஆயுதத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். துப்பாக்கியிலிருந்து இயந்திரம் வரை எல்லாம் கையால் செய்யத் தெரிந்தவன், சூரிய கிரகணம் என்றைக்கு வந்தது என்பதையே மனப்பாடமாக வைத்திருந்து உயிர் தப்புகிறான். ஒரு நூற்றாண்டு கழித்து அதே வழியில் போன ஆஷுக்கு மூன்று சொல் நினைவில் நிற்கவில்லை. நடுவில் நாம் கற்றதெல்லாம் தலையிலிருந்து டிக்கிக்குப் போய்விட்டது. கடையிலிருந்து வாங்கித் தெரியும், செய்யத் தெரியாது. என்னை 1300ல் இறக்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கடைசி வரிசை சொன்ன 109.95 டாலர் வசனம் அப்போதுதான் உறைத்தது.

மின்வெட்டு:

கோட்டை ஐயா, டிக்கி விஷயத்தில் ஒரே ஒரு திருத்தம். இரும்புக் கையை மறந்துவிட்டீர்கள். கொல்லனோடு உட்கார்ந்து, விரல் மடங்கும் கை ஒன்றைச் செய்து மாட்டிக்கொள்கிறானே. பழைய காரைப் பிரித்து, நீராவியில் ஓட வைத்து, முன்னால் சுழலும் கத்தி பொருத்திப் போருக்கு ஓட்டிக்கொண்டு வருகிறானே. அதெல்லாம் கைவேலை தெரிந்தவன் செய்கிற காரியம். அவனுக்கு மனப்பாடம்தான் வராது.

அந்தக் கார் 1973ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88. ரைமியின் சொந்தக் கார், அவருடைய பெரும்பாலான படங்களில் அது எங்காவது தலைகாட்டும்.

ரொறன்ரோ ராத்திரி:

வணக்கம். இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு கதைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போச்சே!

ஆஷின் கதையை மேடை இசைநாடகமாகவும் போட்டார்கள், அது தொடங்கியது எங்கள் ஊரில், 2003இல். மூன்று படங்களின் கதையையும் சேர்த்துப் பின்னியது. முன்வரிசை இருக்கைகளுக்குச் செயற்கை இரத்தம் வந்து தெறிக்கும். அதற்கென்றே சனம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரும். நான் மூன்றாம் வரிசை. இடைவேளையில் வெளியே வந்தபோது பக்கத்திலிருந்த வயதான மனுசி ஒருவர் தன் வெள்ளை மேலங்கியை விரித்துக் காட்டி, தோளில்தான் நல்லாகப் பட்டிருக்கிறது என்று சந்தோசமாகச் சொன்னார். படம் வந்தபோது பெரிய வசூல் இல்லை என்பார்கள். பத்து வருசத்தில் இப்படி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஆனால் ஒரு மனக்குறை இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஷீலாவுக்கு என்ன செய்தார்கள்? தன் சகோதரன் செத்த கோபத்தில் ஆஷ் மேல் கல் எறிகிற பெண். எம்பெத் டேவிட்ஸ் அந்தக் கோபத்தை வடிவாகச் செய்திருப்பார். பிறகு ஒரு போர்வையைக் கொண்டுவந்து கொடுக்கிறாள், ஆஷ் அவளை அவமானப்படுத்துகிறான், அடுத்ததாகக் காதலிக்கிறாள். நடுவில் ஒரு காட்சி குறைகிறது. பறக்கிற பேய் வந்து தூக்கிக்கொண்டு போன பிறகு, பேயாக மாறி வந்தபோதுதான் அவளுக்கு மறுபடி உயிர் வருகிறது. மனுசியாக இருந்தபோது கிடைக்காத காட்சியெல்லாம் பேயான பிறகு கிடைக்கிறது. இவ்வளவு பிடித்த படம் என்பதால்தான் இது உறுத்துகிறது.

கடைசி வரிசை:

அக்கா, நீங்கள் சொல்வது சரி. ஆஷின் வாய்த்துடுக்கைப் படம் எங்கும் தண்டிக்கிறது, அவளிடம் காட்டுகிற திமிரை மட்டும் தண்டிக்காமல் விட்டுவிடுகிறது. இதுவரை அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை.

புதிதாய்:

இழையைப் படித்துவிட்டு இந்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு கேள்வி. முதல் இரண்டு படம் பார்த்தே ஆக வேண்டுமா? நிறைய வடிவம் இருக்கிறது என்கிறார்களே, எதைப் பார்ப்பது?

பச்சைத்திரை:

தாராளமாக நேராக இதைப் பார்க்கலாம். தொடக்கத்தில் முன்கதையைப் புதிதாகப் படமெடுத்தே சொல்லிவிடுகிறார்கள். ஆஷின் காதலி லிண்டாவாக அதில் பிரிட்ஜெட் ஃபோண்டா வருகிறார், மூன்று படத்திலும் மூன்று லிண்டா. இரண்டாவது படத்தின் கடைசியில் வீரர்கள் ஆஷைக் கும்பிட்டு வரவேற்பார்கள், இதில் சங்கிலி போட்டு இழுத்துப் போகிறார்கள். குழம்ப வேண்டாம்.

அமெரிக்கத் திரையரங்கு வடிவம் 81 நிமிஷம், இயக்குநர் வடிவம் 96 நிமிஷம். முதலில் 81. ஓட்டம் அதில்தான் இருக்கிறது. பிடித்திருந்தால் 96. முக்கியமான வித்தியாசம் முடிவு. இன்னொன்று, கெட்ட ஆஷ் நம்ம ஆஷை நல்லவன் என்று கிண்டல் செய்யும்போது, ஆஷ் அவனைச் சுட்டுவிட்டுச் சொல்லும் பதில். ஒன்றில், நல்லவனோ கெட்டவனோ, துப்பாக்கி என் கையில் என்பான். மற்றதில், நான் அவ்வளவு நல்லவன் இல்லை என்பான்.

விசிடி காலம்:

முடிவைப் பற்றி இனிமேல் பேசப் போகிறோம். புதிதாய் நண்பர் படம் பார்த்த பிறகு கீழே வரவும்.

ரைமி முதலில் எடுத்த முடிவு இதுதான். மந்திரவாதி ஒரு மருந்து கொடுக்கிறார். ஒரு சொட்டுக்கு நூறு வருஷத் தூக்கம், ஆறு சொட்டு போதும். ஆஷ் குகைக்குள் காரில் உட்கார்ந்து சொட்டை எண்ணிக் குடிக்கிறான். நடுவில் கவனம் சிதறி ஒன்று கூடிவிடுகிறது. தாடியும் நகமும் வளர்ந்து எழுந்து வெளியே வந்தால் லண்டன் இடிபாடாகக் கிடக்கிறது. ரொம்ப நேரம் தூங்கிவிட்டேன் என்று அலறுகிறான். தயாரிப்புத் தரப்புக்கு அது இருட்டாகப் பட்டது. மறுபடி எடுத்தார்கள். ஆஷ் கடைக்குத் திரும்பி, நடந்ததையெல்லாம் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பேய் அங்கேயும் வந்துவிட, கடை நடுவில் சண்டை.

நான் முதல் முடிவின் பக்கம். மூன்று சொல்லை நினைவில் வைக்காதவன் ஆறு சொட்டை எண்ணத் தெரியாமல் தவறுகிறான். அதே ஆள், அதே பிழை. கல்லறையில் செய்த தப்புக்கு ஊரார் சாகிறார்கள், குகையில் செய்த தப்புக்கு அவன் ஒருவனே அனுபவிக்கிறான். கணக்கு நேராகிறது.

மின்வெட்டு:

நான் கடை முடிவின் பக்கம். 81 நிமிஷமும் மனசு அந்தக் கடையில்தானே இருந்தது அவனுக்கு? வாளுக்கு முன்னால் நின்றபோதுகூடக் கடையின் விளம்பர வரியைச் சொன்னவன். அவனைக் கொண்டுபோய் இடிந்த லண்டனில் விட்டால் அது வெறும் தண்டனை. கடையில் விட்டால், இங்கேயும் தப்பு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறான், ஊர் திரும்பச் சொல்ல வேண்டிய சொல்லையும் சரியாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஆனால் அலமாரிக்கு அலமாரி அவனுக்கு அத்துப்படி. எந்தப் பிரிவில் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்த ஒரே வீரன். ஜப்பானில் இந்தப் படத்துக்கு வைத்த பெயரே 'கேப்டன் சூப்பர்மார்க்கெட்'.

கடைசி வரிசை:

இத்தனை வருஷமாக நான் குகை முடிவின் பக்கம்தான் இருந்தேன். மின்வெட்டு, அந்த விளம்பர வரியை நானே மேலே எழுதிவிட்டு நானே யோசிக்கவில்லை பாருங்கள். இன்றைக்கு ராத்திரி இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

கோட்டை கொத்தளம்:

1300லிருந்து ஆறு சொட்டு என்றால் 1900. ஆஷ் 1900ல்தான் எழுந்திருப்பான். ஏழு சொட்டு என்றால் 2000, கிட்டத்தட்ட அவன் காலம்! மந்திரவாதியின் கணக்கில் எங்கோ ஒரு நூறு வருஷம் தொங்குகிறது. யாராவது விளக்குங்கள், எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

விசிடி காலம்:

ஐயா! இத்தனை தடவை பார்த்தும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கவே இல்லை. காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், நீங்கள் சொல்வதுதான் வருகிறது. அப்படியென்றால் அவனை இடிபாட்டில் கொண்டுபோய்ப் போட்டது ஏழாவது சொட்டு மட்டும் இல்லை. சொட்டுக்கு நூறு வருஷம் என்று வாயால் சொன்ன அளவே சரியில்லையா? நான் அந்தக் காட்சியை மறுபடி போட்டு, மந்திரவாதி சொல்வதைச் சொல் சொல்லாகக் கேட்டுவிட்டு வருகிறேன்.

புதிதாய்:

பார்த்துவிட்டேன். 81 நிமிஷ வடிவம். அப்பாவும் கூட உட்கார்ந்தார். அவர் பேய்ப் படமே பார்க்க மாட்டார். கல்லறையில் மூன்றாவது சொல் வரும் இடத்தில் அப்பா நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்து, "சொல்லுடா, சொல்லுடா" என்றார். அவன் இருமினதும் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

எலும்புக்கூட்டுப் படை அணிவகுத்து வரும்போது சில எலும்புக்கூடுகள் மேளம் அடித்துக்கொண்டும் குழல் ஊதிக்கொண்டும் வருகின்றன. உள்ளே மூச்சு கிடையாது, எப்படி ஊதும் என்று அப்பா கேட்கிறார். பச்சைத்திரை, அது பொம்மையா, நகர்த்தி எடுத்ததா?

பச்சைத்திரை:

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். இன்றைக்கு வேலை முடிந்ததும் அந்த இடத்தை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.